ரூபன் லார்ட்டர் மூச்சு வாங்கும் இடம்

ஏவிஸ் லார்ட்டருக்கு இரண்டு குரல். ஒன்று பிறக்கும்போதே வந்தது. மற்றது, நார்விச் நகர டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தபோது ஆறு மாதம் பயிற்சி கொடுத்து வாயில் பொருத்தியது. "எந்த எண் வேண்டும் ஐயா?" என்று அந்த இரண்டாவது குரலில் அவள் கேட்டால், சண்டை பிடிக்க வந்தவன்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு மரியாதையாக எண்ணைச் சொல்வான். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டுகிறவர் மகள், ஒரே வருஷத்தில் ஏதோ பிரபு வீட்டில் வளர்ந்தவள் மாதிரி பேசினாள்.

ஆரம்பத்தில் இரண்டையும் பத்திரமாகத் தனித்தனியே வைத்திருந்தாள். சனிக்கிழமை ஊருக்கு வரும் பஸ் ஆக்ல் பாலத்தைத் தாண்டியதும் பழைய குரலுக்கு மாறிவிடுவாள். போகப் போக மாறுகிற இடம் தள்ளிப்போயிற்று. பாலத்தில் இருந்து காற்றாலைக்கு, காற்றாலையில் இருந்து சர்ச் திருப்பத்துக்கு, அங்கிருந்து வீட்டு வாசலுக்கு. பிறகு ஒருநாள் அந்தக் குரல் தொப்பியைக் கழற்றாமல் நேராக அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அது போகவே இல்லை. அவள் பழையதைத் தேடினாள், கைக்கு அகப்படவில்லை.

"யப்பா, தொரசாணி வந்துட்டாங்க. நாற்காலியத் தொடைங்கடா!" என்பார் அவள் அப்பா ரூபன். வீட்டில் அவரையும் நாயையும் தவிர வேறு யாரும் கிடையாது. ஏவிஸின் அம்மா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. நாய்தான் எழுந்து நாற்காலியைப் பார்க்கும்.

எங்கள் ஹாஸ்பி கிராமத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. நிலத்துக்குப் பட்டா இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், எழுத்து மட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'மூன்று வாத்து' பப்பில் பாட்டை நடத்துகிற நெல்சன் தர்க்கெட்டில் என்பவர் சின்னச் சுத்தியலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டி ஒரு பெயரைச் சொல்வார். அந்த ஆள் எழுந்து தன் பாட்டைப் பாட வேண்டும். அடுத்தவன் பாட்டை அவன் உயிரோடு இருக்கும்போது வாயில் எடுப்பது, அடுத்தவன் மனைவி இடுப்பில் கை போடுவது போலத்தான். ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒருத்தன் ஒரு வருஷம் முழுக்கத் தன் பாட்டைப் பாடாமல் இருந்தால், செப்டம்பர் கடைசியில் மிக்கேல் சம்மனசு திருநாளை ஒட்டி வரும் ஞாயிறன்று அதை யாருக்குக் கொடுக்கிறான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்.

ரூபனின் பாட்டு 'மடைக்காரன் மகள்'. கடற்படைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் ஒரு பெண்ணின் காதலனைத் தேடி வருகிறார்கள். அவள் மடையைத் திறந்துவிடுகிறாள். வெள்ளம் பாதையை மூடுகிறது, அவன் தப்பிக்கிறான். அதே வெள்ளத்தில் அப்பனின் மாடுகள் மிதக்கின்றன. ஆறாவது சரணத்தின் முடிவில் அப்பன் கேட்கிறான்:

"மடையைத் தொறந்தது யாரடி மகளே,
மாடெல்லாம் மெதக்குது பாரடி மகளே."

ஏழாவதில் அவள் சொல்கிறாள்:

"நாந்தான் தொறந்தேன், நாந்தான் அப்பா,
நாளைக்கும் தொறப்பேன், கேளுங்கப்பா."

ஐம்பத்துமூன்றில் கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததே, அப்போது ரூபன் இரண்டு நாள் இடுப்பளவு ஐஸ் தண்ணீரில் நின்று கரை கட்டினார். தண்ணீர் வடிந்துவிட்டது, நெஞ்சுக்குள் போனது வடியவில்லை. அதிலிருந்து ஆறாவது சரணம் முடிந்ததும் அவருக்கு மூச்சு வாங்கும். நிறுத்தி, கைக்குட்டையால் வாயைப் பொத்தி, இருமி, கோழையை வெளியேற்றிவிட்டுத்தான் ஏழாவதுக்குப் போவார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் இன்னொரு வாய் பியர் குடித்துக்கொள்வார்கள். அறுபத்துநான்கு இலையுதிர் காலத்தில் அதுவும் முடியாமல் போய், பாடுவதையே விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் வசந்தத்தில், விலாங்கு மீன் குழம்பும் மாவுருண்டையும் தின்றுகொண்டிருந்தபோது, ஏவிஸ் கேட்டாள்.

"அந்தப் பாட்டை எனக்குத் தருவீர்களா அப்பா?"

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. ரூபன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஏ புள்ள, உன் வாயில அது எங்க நிக்கும்? 'மடையைத் திறந்தது யார் ஐயா, தயவுசெய்து காத்திருக்கவும்'னு பாடுவ. நெல்சன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்கே குடுத்துரலாம்னு இருக்கேன்."

"நெல்சன் மாமா பாடினால் பன்றி கத்துவது போல இருக்கும்."

"இருக்கும். ஆனா அது நம்ம ஊர்ப் பன்னி."

ஏவிஸ் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். முப்பத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகைகூட அந்தக் குரலில்தான் வருமோ என்று பயந்து அதையும் அடக்கிக்கொண்டாள். சின்ன வயதில், துணி துவைக்கிற திங்கட்கிழமைகளில், அவளும் அப்பாவும் அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். அவர் அப்பன், அவள் மகள். பிற்பாடு அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோனாலும் பாட்டு ஒன்று இருந்தது. அது நெல்சனிடம் போய்விட்டால் இந்த வீட்டில் அவளுக்கு என்று என்ன இருக்கிறது?

இந்த நேரத்தில்தான் கில்ட்ஃபர்ட்காரன் வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்தான் என்றால் நேரில் இல்லை, ஒயர் வழியாக. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலை ஆறு அடித்ததும் ஓர் இளைஞன், லண்டனுக்கு அந்தப் பக்கம் பணக்காரர்கள் இருக்கும் கில்ட்ஃபர்டுக்கு ட்ரங்க் கால் கேட்பான். "மம்மி, நான் க்ரிஸ்பின்" என்று ஆரம்பிக்கும். வெல்வெட்டில் சுற்றிய குரல். அப்பா அறுவை சிகிச்சை நிபுணர் என்று தெரிந்தது. லைன் கிடைத்ததா என்று காதை வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும், கேட்டதை வெளியே மூச்சு விடக் கூடாது. அதற்கு ஏவிஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காதை எடுப்பதற்குள் இது விழுந்துவிட்டது: "வெள்ளிக்கிழமை க்ளப்பில் லார்ட்டரின் பாட்டைப் பாடினேன் மம்மி. எல்லாரும் அழுதுவிட்டார்கள்."

லார்ட்டரின் பாட்டா?

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டேப் மெஷினோடு ஒரு பையன் வந்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். "நல்ல பையன். டீ குடிச்சான், கப்பைக் கழுவி வெச்சான்" என்பதற்கு மேல் அவருக்கு அதைப் பற்றி எதுவும் தோன்றவில்லை. அன்று ஏவிஸ் டியூட்டியில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, நல்ல கோட்டையும் கையுறைகளையும் போட்டுக்கொண்டு விசாரித்துக்கொண்டு அந்த நாட்டுப்பாடல் க்ளப்பைத் தேடிப் போனாள். ஒரு பப்பின் மாடி அறை. கையில் ஒரு காய்ப்பும் இல்லாத நாற்பது பேர் இருந்தார்கள். மீனவர் போடுகிற நீலக் கம்பளிச் சட்டை, முழங்காலில் ஒட்டுப்போட்ட கார்டுராய், கழுத்தில் கைக்குட்டை. ஹாஸ்பியில் இப்படி உடுத்திக்கொண்டு பாட எழுந்தால் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்படி நெல்சன் சொல்வார். அந்த அறையில் ஏவிஸ் ஒருத்திதான் பணக்காரி மாதிரி இருந்தாள்.

"நம்ம ஜெம் இப்ப பாடுவாரு" என்றார்கள். தாடி வைத்த ஒருவன் எழுந்தான்.

"இது உழைக்கிற சனத்தோட பாட்டுங்க. சேத்துல கால் வெச்சவன் பாட்டு" என்றான், சுத்தமான சதுப்பு நிலத்துப் பேச்சில்.

இரண்டாவது வாக்கியத்திலேயே ஏவிஸுக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை, ஆறு மணி, கில்ட்ஃபர்ட். இந்த ஜெம்தான் அந்த க்ரிஸ்பின். டெலிபோன்காரியிடம் தாடி எடுபடாது, பேச்சை மாற்றினாலும் எடுபடாது. ஆள் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறான் என்பது காட்டிக்கொடுத்துவிடும்.

அவன் பாடினான். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனின் பாட்டை எவனோ எடுத்துப் பாடுகிறான்! பிறகு கோபத்தை மறந்து கேட்டாள். அப்பாவேதான். பல் போன இடத்தில் நாக்கு இடறுவது வரைக்கும் அப்பா. இவள் பத்து வருஷமாகத் தேடியும் கிடைக்காத ஊர்ப் பேச்சு இவன் வாயில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இவனால் இது எப்படி முடிகிறது?

ஆறாவது சரணம் முடிந்தது. ஜெம் நிறுத்தினான், கண்ணை மூடிக்கொண்டான். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஏவிஸ் ஐந்து வரை எண்ணினாள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

'ஐயோ, அது கோழையாச்சே!' என்று ஏவிஸ் நினைத்தாள். கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டேப் மெஷினுக்கு மரியாதை கொடுத்து அப்பா இருமலை அடக்கியிருப்பார். மெஷினில் மௌனம் மட்டும் பதிந்திருக்கிறது.

இடைவேளையில் அவனிடம் போனாள்.

"கடைசிச் சரணத்துக்கு முன்னால் நிறுத்தினீர்களே, அது எதற்காக?"

"அதுதாங்க இந்தப் பாட்டோட உசுரு" என்றான் ஜெம். "அப்பன் கேக்குறான். மக வாயத் தொறக்க முடியாம நிக்கிறா. ஆயிரம் வருசமா அடங்கியே கெடந்த சனத்தோட மௌனம் அது. படிச்சவனுக்கு வராது. லார்ட்டர் கிழவருக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்க. எல்லாம் ரத்தத்துல வர்றது."

ரூபன் லார்ட்டர் பேப்பரில் குறுக்கெழுத்தை முடிக்காமல் மத்தியானச் சோற்றில் கை வைக்க மாட்டார். ஏவிஸ் அதைச் சொல்லவில்லை.

"நான் இதைப் பாடலாமா?"

அவன் அவள் கோட்டைப் பார்த்தான், கையுறையைப் பார்த்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. எங்க க்ளப்புல ஒரு விதி. அவங்கவங்க மண்ணுல மொளைச்சதத்தான் பாடணும். உங்களை மாதிரி வீட்டுப் பொண்ணுங்க இதப் பாடுனா ஒட்டாது பாருங்க."

"நான் ஹாஸ்பியில் பிறந்தவள்."

"அப்படியா? அங்க நெறைய டாக்டருங்க வீடு வாங்கியிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

குடும்பப் பெயரைச் சொல்லியிருந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்திருக்கும். சொல்ல வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். சொன்னால் தூக்கிக் கொண்டுபோய் மேடையில் நிறுத்திவிடுவான். லார்ட்டர் மகளுக்கு லார்ட்டர் பேச்சு வராது என்று நாற்பது பேர் முன்னால் தெரிந்துபோகும். வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக ஓர் ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது: இவன் இதை எப்படிச் செய்கிறான் என்று தெரிந்தே ஆக வேண்டும். இவனால் முடிந்தால் என்னால் முடியாதா?

"ஒட்ட வைக்கக் கற்றுக்கொடுப்பீர்களா?" என்றாள்.

இப்படியாக ரூபன் லார்ட்டரின் மகள், ரூபன் லார்ட்டர் மாதிரி பேசுவது எப்படி என்று ஒரு டாக்டர் பிள்ளையிடம் பாடம் படிக்கப் போனாள். வியாழக்கிழமை வியாழக்கிழமை, ஐந்து மாதம்.

"தாடைய இறக்குங்க. மூக்குல கொஞ்சம், தொண்டையில கொஞ்சம். குரல்ல சேறு வேணுங்க மிஸ் ஏவிஸ், சேறு!" என்பான் ஜெம். அவள் சேறு போட்டுப் பார்த்தாள். வீட்டுக் கண்ணாடி முன்னால் கரகரத்துப் பார்த்தாள். அந்தக் கரகரப்பு சேறு இல்லை, அப்பாவின் நுரையீரல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கேட்பதற்கு அப்பா மாதிரி இருந்ததே! அதில் மயங்கிவிட்டாள். பாவம், வேறு வழியும் தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை சும்மா கேட்டாள்: "உங்கள் அப்பா என்ன பாடுவார்?"

ஜெம் ஜன்னலைப் பார்த்தான். பதில் வந்தபோது அது வெல்வெட் குரலில் வந்தது. "எங்கள் வீட்டில் யாரும் பாட மாட்டார்கள். பியானோ இருக்கிறது. வேலைக்காரி தினமும் துடைப்பாள்." உடனே சுதாரித்துக்கொண்டு, "எங்க விட்டோம்? அஞ்சாவது சரணமா?" என்று சேற்றுக்குள் இறங்கிவிட்டான்.

அவன்மேல் அவளுக்கு இருந்த எரிச்சல் அன்றோடு பாதி குறைந்துபோயிற்று.

மிக்கேல் சம்மனசு ஞாயிறு வந்தது. 'மூன்று வாத்து' பப்பில் கல்யாணக் கோட்டைப் போட்டு, டை கட்டி, தலையில் தண்ணீர் தடவி வாரி, ரூபன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சலவை மடிப்போடு வந்திருந்தார்கள். பக்கத்தில் ஏவிஸ். கதவு திறந்தது, ஊர்ப் பாட்டுக் கேட்க க்ளப்பில் இருந்து ஐந்து பேர் ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு உள்ளே வந்தார்கள், முன்னால் ஜெம்.

நெல்சன் ரூபனின் காதில் சொன்னார்: "பாவம்யா. வெள்ளத்துல எல்லாம் போயிருச்சு போல. பன்னண்டு வருசம் ஆச்சே, இன்னுமா துணி வாங்கல?"

ஜெம் நேராக ரூபனிடம் வந்து கை கொடுத்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"மிஸ் ஏவிஸ்! நீங்க எங்க இங்க?"

"எம் மகதான் தம்பி" என்றார் ரூபன். "டெலிபோன்ல இருக்கா. உனக்குப் பழக்கமா?"

தாடி இருந்தும் ஜெம்மின் முகம் சிவந்தது நன்றாகத் தெரிந்தது. மூலையில் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டான். அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

நெல்சன் இரண்டு தட்டுத் தட்டினார். "ரூபன் லார்ட்டர். பாட்டு வாயத் தொறந்து வருசம் ஆச்சு. யாருக்குன்னு சொல்லிரு."

தனக்குத்தான் என்று நெல்சனுக்குத் தெரியும். பியரைக்கூடக் குடிக்காமல் தொண்டையைத் தயாராக வைத்திருந்தார். ரூபன் எழுந்திருக்க முனைந்தபோது ஏவிஸ் முந்திக்கொண்டாள்.

"ஒரு தடவை என்னைக் கேளுங்கள் அப்பா. கேட்டுவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்."

பப்பில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ரூபன் கையை அசைத்தார். பாடு.

பாடினாள். தாடை இறங்கியது, மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம், சேறு வேண்டிய மட்டும். ஜெம் மூலையில் தன்னை மறந்து தலையை ஆட்டினான். மற்றவர்கள் கண்ணாடித் தம்ளருக்குள் எதையோ தேடினார்கள். தெரிந்த பெண் தெரியாத வேஷத்தில் வந்து நின்றால் எங்கே பார்ப்பது? ஆறாவது சரணம் முடிந்தது. ஏவிஸ் நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"என்ன புள்ள நின்னுட்ட?" என்றார் ரூபன். "மறந்துருச்சா?"

"இல்லை அப்பா. இங்கே நீங்கள் நிறுத்துவீர்கள்."

"நான் நெஞ்சு அடைச்சு நிறுத்துனேன். உனக்கு என்ன அடைச்சுது?"

பப் குலுங்கியது. ஜெம் ஸ்டூலில் இருந்து பாதி எழுந்துவிட்டான். "அடைப்பா? அது அடைப்பா?"

"கோழை தம்பி. உன் மிஷின்ல துப்புனா நல்லாவா இருக்கும்? முழுங்கிட்டேன்."

நெல்சன் சிரித்துச் சிரித்துச் சுத்தியலைக் கீழே போட்டார். ரூபன் மட்டும் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு நிக்கவே மாட்டா புள்ள. அப்பன் கேட்டு வாய மூடல, 'நாந்தான்'ங்குறா. பயமாவது ஒண்ணாவது! அவ்வளவுதான் பாட்டு. முன்னாடி ஆறு சரணமும் அதுக்குப் போற வழி. எனக்கு மூச்சு இருந்த காலத்துல அப்படித்தான் பாடுவேன், நீயே கேட்டிருக்க. துணி தொவைக்கும்போது அந்தப் பதிலை யாரு சொன்னா? நீதான் சொன்ன. எங்க போச்சு அது?" என்று கேட்டுவிட்டு இருமினார். "சரி விடு. நெல்சா..."

ஏவிஸுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் போயிற்று. ஐந்து மாதம் சேறு குழைத்துக் குழைத்துக் கடைசியில் இருமலைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்! அவமானத்தில் உடம்பு முழுக்க எரிந்தது. எரிச்சலில் ஒரு துணிச்சல் வந்தது. இனிமேல் கெட்டுப்போக என்ன மிச்சம் இருக்கிறது? யாரையும் கேட்காமல், நெல்சன் குனிந்து சுத்தியலைத் தேடுவதற்குள், முதல் சரணத்தில் இருந்து ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை வந்தது எக்ஸ்சேஞ்ச் குரல். அவளிடம் இருந்தது அதுதானே. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி வந்தது. படை வந்தது, மடை திறந்தது, மாடு மிதந்தது. என்ன நடந்தது என்பதை அவ்வளவு தெளிவாக அந்தப் பப்பில் யாரும் கேட்டதில்லை. ஆறாவதின் கேள்வி முடிகிற மூச்சிலேயே ஏழாவது எழுந்தது:

"நான்தான் திறந்தேன், நான்தான் அப்பா,
நாளையும் திறப்பேன், கேளுங்கள் அப்பா."

பியர் குடிக்க யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. பதினோரு வருஷமாக அந்த இடத்தில் தம்ளரைத் தூக்கிப் பழகிய கைகள் பாதியில் நின்றன. ரூபன் கைக்குட்டையை எடுத்தார். இருமவில்லை.

நெல்சன் மெல்லச் சுத்தியலை மேசையில் வைத்தார். அவர் பொல்லாதவர் இல்லை. முறை என்றால் முறை.

"சொல்லு ரூபன். யாருக்கு வேணும் இந்தப் பாட்டு?"

"எனக்குத்தான்" என்றாள் ஏவிஸ். நெல்சன் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"கேட்டுக்கிட்டேல்ல?" என்றார் ரூபன். குரல் உடைந்து போயிருந்தது. "தட்டுய்யா."

நெல்சன் தட்டினார். தட்டிவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஏ புள்ள, மூணு நிமிசத்துக்கு மேல போச்சுன்னா லைனை வெட்டிருவியா?" என்றார். அந்தச் சிரிப்பு அடங்கியபோது மூலை ஸ்டூல் காலியாக இருந்தது.

அடுத்த நாள் திங்கட்கிழமை. ஆறு அடித்ததும் பலகையில் விளக்கு எரிந்தது.

"எந்த எண் வேண்டும் ஐயா?"

எண்ணுக்குப் பதிலாக வெல்வெட் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "மிஸ் லார்ட்டர்? நீங்கள்தானா? இவ்வளவு நாளும் நீங்கள்தானா?"

"கில்ட்ஃபர்ட்தானே ஐயா?"

"ஆமாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. நான் அதைப் பாடலாமா? நிறுத்த மாட்டேன். சத்தியமாக நிறுத்த மாட்டேன். என் குரலிலேயே பாடுகிறேன்."

அவன் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்க வேண்டும் என்று கடைசியில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகவே அவள் மனம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் முறை இருக்கிறதே.

"நான் சாவுற வரைக்கும் முடியாது தம்பி" என்றாள். "உங்க வீட்டுலயும் யாராவது ஏதாவது பாடியிருப்பாங்க. பியானோவத் தொடைக்கிறப்பவாவது பாடியிருக்க மாட்டாங்களா? உங்கம்மாகிட்டக் கேட்டுப் பாருங்க. இந்தா, லைனு போட்டுட்டேன்."

இரண்டு நாற்காலி தள்ளி மேற்பார்வையாளர் மிஸ் கியூபிட் விருட்டென்று திரும்பிப் பார்த்தார். தான் எந்தக் குரலில் பேசினோம் என்று அப்போதுதான் ஏவிஸுக்கு உறைத்தது. ஆக்ல் பாலம் பதினோரு மைல் அந்தப் பக்கம் இருந்தது.

கொஞ்சம் பொறுத்து, லைன் சரியாக இருக்கிறதா என்று வழக்கம்போலக் காதை வைத்தாள். கில்ட்ஃபர்டில் ஒரு வயதான அம்மாள், "எனக்குச் சரியாக நினைவில்லையே, என்னை வளர்த்த தாதி அடுப்படியில்..." என்று சொல்லிவிட்டு, தட்டுத் தடுமாறி ஏதோ ஒரு மெட்டை இழுத்தார். என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ள ஏவிஸுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது அடுத்தவர் பாட்டு. காதை எடுத்துவிட்டாள்.